ஒரு வோல்ட்டில் ஒரு கோலம்

மரத்தில் சூடு வைத்துப் படம் வரைகிற பேனாவை வீட்டிலேயே செய்துகொள்ளலாம், அதுவும் கடையில் வாங்குவதைவிட நன்றாகவே செய்துகொள்ளலாம் என்று சொன்னால் யாரும் சட்டென்று நம்புவதில்லை. உட் பர்னிங் பென், பைரோகிராஃபி பேனா என்று பல பேரில் கிடைக்கிறது. நான் சூட்டுப் பேனா என்றே சொல்கிறேன். பெட்டியைத் திறந்தால் விதவிதமான பித்தளை முனைகள் வரிசையாக இருக்கும், பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இறகு, ரோமம், இலை நரம்பு இதெல்லாம் வரைகிறவர்களை மனதில் வைத்துச் செய்தவை. கத்தி மாதிரி ஒரு முனை, கரண்டி மாதிரி ஒரு முனை, செதில் அச்சுக்கு ஒன்று. எனக்கு வேண்டியது கோலம். புள்ளியைச் சுற்றி வளைந்து, இன்னொரு புள்ளிக்குப் போய், தன் கோட்டைத் தானே வெட்டிக்கொண்டு, கை எடுக்காமல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் சிக்குக் கோலம். அதற்கு ஏற்ற முனை அந்தப் பெட்டியில் இல்லை.

ஏன் இல்லை என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் பேனாவை நாமே செய்ய வேண்டியதன் காரணம் முழுக்க இதில்தான் இருக்கிறது. கத்தி முனை நேராக இழுத்தால் அருமையாகப் போகும், திருப்பினால் மரத்தில் குத்தி நிற்கும். ஆகவே ஒவ்வொரு வளைவிலும் பலகையைத் திருப்பவேண்டும், அல்லது கையை எடுத்து மறுபடி வைக்கவேண்டும். கையை எடுத்து வைத்த இடமெல்லாம் கோட்டில் ஒரு கறுப்பு முடிச்சு விழும். அரிசி மாவில் போடுகிற கோலத்தில் இழை எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே பருமனில் விழுவதற்குக் காரணம், மாவு விரலிடுக்கிலிருந்து கொட்டுகிறது, அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. சூட்டுப் பேனாவின் முனையும் அப்படித்தான் இருக்கவேண்டும். எந்தத் திசையில் தள்ளினாலும் இழுத்தாலும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போகிற, உருண்டையான மூக்கு. அது கம்பியை வளைத்தால் கிடைக்கும், ஐந்து நிமிட வேலை.

செட்டிநாட்டில் மரவேலை என்றாலே உளிதான். எங்கள் பக்கத்து வீடுகளின் வாசல் நிலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கஜலட்சுமி, யாளி, கிளி, கொடி என்று பர்மா தேக்கில் ஒரு விரற்கடை விடாமல் செதுக்கியிருப்பார்கள். அதன் நடுவே சூட்டுக்கோலுக்கு இடமில்லை, நானும் கேட்கவில்லை. நான் கருக்க நினைத்தது மணைகளை. கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணமான சாந்திக்கும் உட்காரப் போடும் மணை, அஞ்சறைப்பெட்டி மூடி, அகப்பைக் காம்பு, இப்படி அன்றாடம் கையில் புழங்குகிற சாமான்கள். நடுவீட்டில் நல்ல நாளில் மாக்கோலம் போடுகிறோம், மறுநாள் அது கால் பட்டு அழிந்துவிடுகிறது. அழிவதுதான் அதன் அழகு என்பார்கள், சரி. இருந்தாலும் ஆத்தா போட்ட கோலத்தில் ஒன்றாவது அழியாமல் இருக்கவேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு, அதை நான் விடுவதாக இல்லை.

இனி பேனாவுக்கு வருவோம். இதில் இரண்டு ஜாதி. ஒன்று சால்டரிங் அயர்ன் ஜாதி: குழாய்க்குள் சூடேற்றும் கம்பி, அதன் வாயில் பித்தளை முனை. நேரடியாக 230 வோல்ட்டில் ஓடும். சூடாகப் பல நிமிடம், ஆறவும் பல நிமிடம், மரத்தில் கொஞ்சம் ஈரமான இடம் வந்தால் முனை குளிர்ந்து கோடு வெளிறும், மறுபடி சூடேறும்வரை காத்திருக்கவேண்டும். பிடியும் முனையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும், கோலக் கோட்டுக்கு அந்தத் தூரமே எதிரி. இரண்டாவது கம்பி முனை ஜாதி. இதில் முனையே சூடேற்றும் கம்பி. ஒரு சின்ன நைக்ரோம் துண்டு வழியாக மின்சாரம் ஓடும், சில நொடியில் சூடாகும், மரம் உறிஞ்சின சூட்டை அந்தக் கணமே ஈடுகட்டும். விரல் முனைக்கு மிகப் பக்கத்தில் இருக்கும், எழுதுகிற பேனாவைப் பிடிப்பதுபோலவே பிடிக்கலாம். நான் சொல்வது இந்த இரண்டாவதைத்தான்.

நைக்ரோம் என்பது நிக்கலும் குரோமியமும் சேர்ந்த உலோகம், 80 பங்கு நிக்கல், 20 பங்கு குரோமியம். அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் 1906இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னால் சூடேற்றும் கம்பிகள் காற்றுப் பட்டுச் சீக்கிரமே எரிந்து அற்றுப்போகும். நைக்ரோமின் சூட்சுமம், சூடானதும் மேலே குரோமியம் ஆக்சைடு தோல் ஒன்று கட்டிக்கொள்கிறது, அந்தத் தோல் உள்ளே காற்றை விடாது. முதல் தடவை சூடேற்றினதும் பளபளப்புப் போய்க் கம்பி மங்கிக் கறுக்கும், அதைப் பார்த்துக் கெட்டுப்போச்சு என்று தேய்த்துத் தள்ளிவிடக்கூடாது. அதுதான் கவசம்.

கம்பியைத் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. காயில் ஸ்டவ்வுக்கு மாற்றுச் சுருள் என்று எலக்ட்ரிகல் கடைகளில் தொங்குமே, 2000 வாட் சுருள், அது போதும். கணக்கைப் பாருங்கள்: 2000 வாட்டை 230ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். அதாவது அந்தக் கம்பி 8.7 ஆம்பியர் ஓடும்போது செக்கச் செவேலென்று எரிந்தும் தாக்குப்பிடிக்கும்படி செய்யப்பட்டது. நமக்கு அவ்வளவு சிவப்பு வேண்டவே வேண்டாம். ஆனால் கடையில் ஒரு காந்தத்தைக் கையோடு கொண்டுபோங்கள். சுருள் என்று விற்பவற்றில் இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கம்பியும் உண்டு. அது காந்தத்தில் ஒட்டும், 80-20 நைக்ரோம் ஒட்டாது. ஒட்டுகிற கம்பியும் சூடாகத்தான் செய்யும், ஆனால் ஒருமுறை நன்றாகச் சூடேறியபிறகு உள்ளே மணி மணியாகப் பெருத்து நொறுங்கும் தன்மை வந்துவிடும், முனையைக் கொஞ்சம் திருத்தி வளைக்கலாம் என்று குறடு வைத்தால் படக்கென்று ஒடியும். முனையைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் இந்த வேலையே என்பதால் ஒட்டாத கம்பியையே வாங்குங்கள்.

அடுத்தது மின்சாரம். பலர் கோட்டைவிடுவதும் பயப்படுவதும் இங்கேதான். 0.7 மில்லிமீட்டர் தடிமன் உள்ள நைக்ரோம் கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 2.8 ஓம் தடை. நம் முனைக்கு வேண்டியது 4 சென்டிமீட்டர், அப்படியானால் 0.11 ஓம். அதில் 6இலிருந்து 8 ஆம்பியர் ஓட்டினால் மரம் கருக்கும் சூடு வந்துவிடும். 8ஐ 0.11ஆல் பெருக்கினால் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு! 12 வோல்ட் அடாப்டர், பைக் பேட்டரி என்று ஆரம்பித்தவர்களுக்கு முனை பளீரென்று எரிந்து அறுந்துபோவதற்குக் காரணம் இதுதான். வோல்ட் மிகக் குறைவாகவும் ஆம்பியர் மிகத் தாராளமாகவும் தருகிற ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

அதைக் கடையில் தேடிப் பிரயோஜனமில்லை, சுற்றித்தான் வாங்கவேண்டும். காரைக்குடியில் மோட்டார் வைண்டிங் கடை ஒன்றில் போய்க் கேட்டேன். கடைக்காரத் தம்பி நான் எழுதிக்கொண்டுபோன தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, ஒரு வோல்ட்டா? ரிமோட்டுக்குப் போடுற செல்லுலயே ஒன்றரை வோல்ட்டு இருக்கே."

"செல்லுல வோல்ட்டு இருக்கு தம்பி, எட்டு ஆம்பியர் ஓயாம ஓடுமா?"

"ஓடாது. ஓடினா அஞ்சு நிமிசத்துல செல்லு செத்துரும்." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கீழ்ச்சுற்று பத்துச் சுத்துக்கூட வராதே. இதைச் சுத்துறதுக்கு மெசினே வேணாம், கையாலயே சுத்திரலாம்" என்றார். அவர் முகத்தில் வந்த உற்சாகத்தைப் பார்த்தபோது எனக்கும் தெம்பு வந்தது.

அவர் சொன்னது சரி. டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளே இருக்கும் இரும்புத் தகடுக் கட்டின் குறுக்குப் பரப்பு 8 சதுர சென்டிமீட்டர் என்றால் ஒரு வோல்ட்டுக்குச் சுமார் 5.6 சுற்று கணக்கு. 230 வோல்ட் பக்கம் ஏறத்தாழ 1,290 சுற்று, மயிரிழைக் கம்பியில். பேனாப் பக்கம் 10 சுற்று சுற்றினாலே 1.8 வோல்ட், அதுவும் 2 மில்லிமீட்டர் தடிமன் செம்புக் கம்பியில். ஒரு சுற்று கூட்டினால் 0.18 வோல்ட் கூடும், ஒரு சுற்று குறைத்தால் அவ்வளவு குறையும். இதைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன். 5, 6, 7, 8, 10 ஆகிய சுற்றுகளில் ஒவ்வொரு கம்பி நுனியை வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு பித்தளை போல்ட்டில் கட்டியாயிற்று. எந்த போல்ட்டில் பேனா ஒயரை மாட்டுகிறேனோ அதுதான் சூடு. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், டிஸ்ப்ளே எல்லாம் வைக்கலாம்தான், நான் வைக்கவில்லை. ஒரு மணைக்கு ஒரு போல்ட், அவ்வளவுதான், மீதிச் சூட்டைக் கையின் வேகம் பார்த்துக்கொள்ளும்.

230 வோல்ட் பக்கத்தில் விளையாட்டு வேண்டாம். இரண்டு சுற்றும் தனித்தனி அறை உள்ள பாபினில் இருக்கவேண்டும், ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றினால் நடுவில் நல்ல காகிதக் காப்புக் கேட்டு வாங்குங்கள். இரும்புக் கட்டுக்கு எர்த், உள்ளே போகும் ஒயரில் அரை ஆம்பியர் ஃபியூஸ், எல்லாவற்றையும் மூடின பெட்டி. ஒற்றைச் சுற்று உள்ள ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், டிம்மர்ஸ்டாட் இவற்றிலிருந்து நேராகப் பேனாவுக்கு எடுக்கக்கூடாது, வோல்ட் குறைந்திருந்தாலும் அது வீட்டு மின்சாரத்தோடு ஒட்டியேதான் இருக்கும். மின்சாரம் தெரிந்தவர் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன்: பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து, மரத்தில் உப்பு நீரோ சோடாத் தண்ணீரோ தடவி, மின்னல் கிளைகள்போல் எரியவைக்கும் வீடியோக்கள் சுற்றுகின்றன. அது வேறு வேலை, உயிரைக் குடிக்கிற வேலை. அந்த டிரான்ஸ்ஃபார்மர் 2,000 வோல்ட் வாக்கில் தரும், தொட்டால் பிழைப்பதில்லை. பலர் இறந்திருக்கிறார்கள், அமெரிக்க மரக் கடைசல்காரர்கள் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அதைத் தடையே செய்திருக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது என்று யாரும் அதன் பக்கம் போகவேண்டாம்.

பெட்டியிலிருந்து பேனாவுக்குப் போகும் ஒயர் விஷயம் சின்னதாகத் தெரியும், சின்னதில்லை. முனையின் தடையே 0.11 ஓம் என்றால் ஒயரின் தடை அதற்கு முன்னால் ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போகவர ஒவ்வொரு மீட்டர் எடுத்தால் 0.014 ஓம், பரவாயில்லை. செல்போன் சார்ஜர் ஒயர் மாதிரி மெல்லிசாக, அரை சதுர மில்லிமீட்டரில் போட்டால் 0.07 ஓம் வந்துவிடும், சூட்டில் ஐந்தில் இரண்டு பங்கு ஒயரிலேயே போகும், கையில் பாம்பு மாதிரி வெதுவெதுவென்று கிடக்கும். தடிமனாகவும் இருக்கவேண்டும், துவளவும் வேண்டும், ஏனென்றால் விறைப்பான ஒயர் கையைப் பின்னால் இழுக்கும், வளைவு கோணும். மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஃப்ளெக்சிபிள் ஒயராகக் கேளுங்கள், கடைசி ஒரு சாண் மட்டும் சிலிகான் உறை ஒயர் கிடைத்தால் இன்னும் நல்லது.

பிடிக்கு நான் எடுத்தது விரல் பருமன் மூங்கில். நடுவே துளை இருப்பதால் இரண்டு ஒயரும் உள்ளே போய்விடும். முன்பக்கம் இரண்டு தடித்த செம்புக் கம்பிகள் 4 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், மூங்கில் வாயை எம்-சீல் வைத்து அடைத்தாயிற்று. செம்புக் கம்பிகளின் நுனியில் பித்தளைக் குழல்கள்: வீட்டு வயரிங்கில் போடும் வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டர் பட்டையை உடைத்தால் உள்ளே இரண்டு திருகோடு குட்டிப் பித்தளைக் குழல் வரும், அதேதான். ஒரு திருகு செம்பைப் பிடிக்கும், மற்றது நைக்ரோமைப் பிடிக்கும். பற்றவைக்கலாமே என்று கேட்பார்கள். ஈயப் பற்று 183 டிகிரியிலேயே உருகிவிடும், நைக்ரோமில் ஒட்டவும் செய்யாது. திருகுதான் ஒரே வழி, அதிலும் ஒரு வசதி, முனையை மாற்ற அரை நிமிடம் போதும். திருகு தளர்ந்தால் அங்கே தடை கூடி முனைக்குப் பதில் பித்தளை சூடாகும், ஆகவே வேலைக்கு உட்காரும்முன் ஒருமுறை முடுக்கிப் பார்த்துவிடுவது என் வழக்கம். விரல் பிடிக்கும் இடத்தில் தக்கையைச் சுற்றிப் பருத்தி நூலால் வரிந்து கட்டியிருக்கிறேன், வியர்வையையும் வாங்கிக்கொள்ளும்.

இப்போது முனை. எனக்கு இந்த முழு வேலையிலும் பிடித்த இடம் இது. ஸ்டவ் சுருளில் ஒரு துண்டை நறுக்கி, இரண்டு குறடுகளால் இரு நுனியையும் பிடித்து இழுத்தால் நேராகும். ஒன்றரை மில்லிமீட்டர் ஆணி ஒன்றின்மேல் அதை நடுவில் வளைத்தால் கொண்டை ஊசி மாதிரி ஒரு வளைவு கிடைக்கும். ஆணியை எடுத்துவிட்டு, வளைவை அடைகல்லின்மேல் வைத்துச் சிறிய சுத்தியலால் லேசாக, தட்டையாகிவிடாமல், இரண்டு தட்டுத் தட்டவேண்டும், இரு கால்களும் நெருங்கி வரும், ஒன்றையொன்று தொடக்கூடாது. அப்புறம் நுண்ணரத்தால் வளைவின் உள்பக்கத்தை மட்டும் மெல்ல ராவவேண்டும். உள்பக்கம் ஏன் என்றால், அங்கே கம்பி மெலிந்தால் தடை அங்கேதான் கூடும், சூடு மூக்கிலேயே வந்து நிற்கும், கால்கள் அவ்வளவு சூடாகாது. வெளிப்பக்கத்தை 600 நம்பர் உப்புத்தாளில் எட்டுத் திசையிலும் உருட்டித் தேய்த்து, நகத்தின்மேல் வைத்து இழுத்துப் பார்க்கவேண்டும். எந்தப் பக்கம் இழுத்தாலும் நகத்தில் கீறல் விழக்கூடாது. விழுந்தால் அந்தப் பக்கம் இன்னும் ஓர் ஓரம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஓரம் மரத்திலும் பிடிக்கும்.

இது இழைக்கான முனை. நடுவீட்டுக் கோலத்தின் நேர்கோடுகளுக்கு வேறொன்று வைத்திருக்கிறேன், வளைவை நன்றாகத் தட்டித் தகடாக்கி ஓரம் பிடித்தது, அது கத்தி ஜாதி, நேர்கோட்டுக்குக் கத்திதான் ராஜா. புள்ளி வைக்க, கம்பியை நுனியில் ஒரு சுற்றுச் சுருட்டி மொட்டாக்கினது. நிழல் போடத் தட்டையாக அடித்த கரண்டி. ஒரு சுருள் கம்பியில் ஆயுசுக்கும் போதுமான முனை வரும், ஒவ்வொரு வேலைக்கும் கை கேட்கிறபடி ஒன்று வளைத்துக்கொள்ளலாம். கடைப் பேனா தராத சுதந்திரம் இதுதான்.

மரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்ன மாதிரி. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது தேக்கு, வீடுகளை இடித்து விற்ற பர்மா தேக்குத் துண்டுகள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கிடைக்கின்றன. சூட்டுப் பேனாவுக்குத் தேக்கு உகந்ததில்லை. தேக்கில் ஒவ்வொரு வளையத்திலும் ஒரு பட்டை துளை துளையாக மெத்தென்றும் அடுத்த பட்டை கெட்டியாகவும் இருக்கும். குறுக்கே கோடு இழுத்தால் மெத்தையில் அமிழ்ந்து கறுத்து, கெட்டியில் ஏறி வெளிறி, கோடு விட்டுவிட்டுத் தெரியும். எண்ணெய்ப் பசையால் புகையும் கரிக்கும். அதைவிட முக்கியம், அந்தத் துண்டுகளின் பழைய வார்னிஷிலும் பெயின்டிலும் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது, பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதை எரித்து மூச்சில் இழுப்பது விஷத்தை இழுப்பது. மரவை என்கிற அரக்கு பூசின மரப் பாத்திரங்களிலும் கை வைக்காதீர்கள், அரக்கு உருகி முனையில் ஒட்டும், சாமானும் பாழ். யாரோ கடைந்து அரக்கு ஏற்றி, மூன்று தலைமுறை கட்டிக்காத்த மரவைமேல் நம் கோடு எதற்கு? பிளைவுட், எம்டிஎஃப் இரண்டும் பசையால் ஆனவை, எரித்தால் ஃபார்மால்டிஹைடு வரும். கருங்காலி, ஈட்டி மாதிரியான கறுப்பு மரத்தில் கறுப்புக் கோடு தெரியவே தெரியாது.

நல்ல மரம் என்றால் வெட்பாலை. நம் செம்மண் காட்டிலேயே வளர்வது, வெள்ளையாக, நெருக்கமாக, மெழுகு மாதிரி ஒரே சீராக இருக்கும். சென்னபட்டணத்துப் பொம்மைகள் அந்த மரத்தில் கடைவதுதான். ஆனால் மெல்லிய மரம், அகலப் பலகை கிடைக்காது, அகப்பைக்கும் சிமிழுக்கும் சரி. குமிழும் மாவும் அகலமாகக் கிடைக்கும், வெளிர் நிறம். மணைக்கு மட்டும் வீட்டில் பலாதான் வேண்டும் என்பார்கள், பலா மணைதான் விசேஷத்துக்கு. பலாவில் கோடு ஒரே சீராக விழும், ஆனால் அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும் பலா வெளிச்சம் பட்டுப்பட்டு நாளாவட்டத்தில் பழுப்பேறும். அப்போது மெல்லிய பழுப்புக் கோடுகள் பலகைக்குள் முங்கிவிடும். ஆகவே பலாவில் நிழல் வேலை வேண்டாம், கோட்டைக் கறுப்பாக, கொஞ்சம் ஆழமாகவே இழுங்கள்.

பலகையை எனக்கு இழைத்துத் தருகிறவர் வயதான ஆசாரி ஒருவர். மரத்தைத் தடவிப் பார்த்தே எந்தப் பக்கம் வைரம், எந்தப் பக்கம் வெள்ளை என்று சொல்வார். அவர் சொல்லித்தான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன்: உப்புத்தாள் போட்டு முடித்ததும் ஈரத் துணியால் ஒரு தரம் துடைத்துக் காயவிட்டால் படுத்திருந்த நார் எல்லாம் எழுந்து நிற்கும், அதன்மேல் 320ஆம் நம்பர் தாளை இன்னொரு தரம் போட்டால் பிறகு எழாது. இதைச் செய்யாத பலகையில் முனை ஒவ்வொரு நாரிலும் இடறும்.

கோலத்தைப் பென்சிலால் லேசாக வரைந்துகொள்ளலாம், புள்ளிகளை மட்டும் அளந்து வைத்துவிட்டு இழையை நேராகச் சூட்டிலேயே இழுப்பதுதான் எனக்குப் பிடிக்கிறது. முனை சிவக்கக்கூடாது. பகல் வெளிச்சத்தில் முனை செந்நிறமாகத் தெரிந்தால் 600, 700 டிகிரிக்கு அருகே போய்விட்டது என்று பொருள். மரம் 200 டிகிரிக்கு மேலேயே பழுக்க ஆரம்பிக்கிறது. அதிகச் சூட்டில் வேகமாக இழுத்தால் கோட்டின் இரு கரையிலும் புகைப் பழுப்பு படரும், கோடு கலங்கும். சூட்டைக் குறைத்து மெதுவாக இழுத்தால் கரை கத்தரித்த மாதிரி நிற்கும். கை நகர ஆரம்பித்த பிறகு முனை மரத்தைத் தொடவேண்டும், முனை மரத்தை விட்ட பிறகு கை நிற்கவேண்டும். அழுத்தம் வேண்டவே வேண்டாம், பேனாவின் கனமே போதும். கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை: ஏற்கனவே கரியான இடத்தில் முனை சட்டென்று வழுக்கும், அங்கே கை துள்ளாமல் அதே நிதானத்தில் கடக்கவேண்டும். மாக்கோலம் போட்டுப் பழகினவர்களுக்கு இந்த நிதானம் விரலிலேயே இருக்கிறது. இந்தப் பேனாவை முதன்முதலாகக் கையில் வாங்கின என் சின்னம்மா, வாழ்க்கையில் திருகாணி பிடிக்காதவர், எடுத்த எடுப்பில் இழுத்த இழை நான் இழுத்ததைவிடச் சீராக வந்தது. எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

முனையில் கரி ஏறிக்கொண்டே இருக்கும், ஏறினால் சூடு மரத்துக்கு இறங்காது, கோடும் அழுக்காகும். சுவிட்சை அணைத்து, ஆறவிட்டு, பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும்.

புகை விஷயத்தில் நம் வீடுகள் கொடுத்துவைத்தவை, வளவில், அதாவது நடு முற்றத்தில், உட்கார்ந்தால் மேலே வானம். ஆனால் காற்றடிக்கும் நாளில் வளவு உதவாது, காற்று முனையைக் குளிரவைத்துக் கோட்டை விட்டுவிட்டு இழுக்கும். மின்விசிறியும் அப்படித்தான். நான் பட்டாலை என்கிற கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பழைய கம்ப்யூட்டரின் சின்ன விசிறி ஒன்றைப் பலகைக்கு அந்தப் பக்கம் வெளியே பார்க்க வைத்திருக்கிறேன், ஊதுவதில்லை, புகையை உறிஞ்சி வெளியே தள்ளும். எந்த மரமானாலும் புகை புகைதான், மணமாக இருக்கிறதே என்று குனிந்து இழுக்காதீர்கள். முகக்கவசம் துகளை நிறுத்தும், வாயுவை நிறுத்தாது.

முடித்தபிறகு மெருகு. எண்ணெயோ மெழுகோ கருக்கி முடித்த பிறகுதான் போடவேண்டும், முன்னால் போட்டால் எரிந்து நாறும். மணைக்குத் தேன்மெழுகை எண்ணெயில் உருக்கித் துணியால் தேய்க்கிறேன். மெல்லிய பழுப்பு நிழல்கள் நேர் வெயிலில் வெளிறும், ஆழக் கருக்கின கோடு அவ்வளவு சீக்கிரம் போகாது. அதனால் கருக்கின சாமானை வளவு வெயிலில் காயப்போடவேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவைக்கிறேன்.

போன தடவை பலகை வாங்கப் போனபோது ஆசாரி பேனாவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். முனையை நகத்தில் இழுத்துப் பார்த்தார், நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகவே.

"ஆச்சி, இதுல எழுத்து வருமா?"

"வருமே. என்ன எழுதணும்?"

"எங்க அப்பா செஞ்ச நிலை இந்தச் சுத்து வட்டாரத்துல எத்தனையோ வீட்டுல நிக்குது. ஒண்ணுலயும் அவர் பேர் கிடையாது. நான் செய்யுறதுல, உள்பக்கமா, சுவத்துப் பக்கம் போற இடத்துல, ரெண்டு பேர் பேரையும் போட்டுக்கலாம்னு."

எங்கள் வீட்டு நிலையையும் வந்து தேடிப்பார்த்தேன், மேலே கீழே எங்கும் பெயர் இல்லை. அவருக்காக இப்போது ஒரு முனை செய்துகொண்டிருக்கிறேன். தேக்கில் எழுதவேண்டும் என்பதால் வளையங்களில் அமிழாதபடி மூக்கு கொஞ்சம் அகலமாக, 1 மில்லிமீட்டர் கம்பியில். தடித்த கம்பிக்குத் தடை குறைவு, ஆகவே அதே சூட்டுக்கு ஆம்பியர் கூட வேண்டும், அது பெட்டி தாங்கும் அளவுக்குள் வருகிறதா என்று வைண்டிங் கடைத் தம்பியிடம் கணக்குக் கேட்டிருக்கிறேன். எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரம் இருந்தால்தான் ண, ஞ மாதிரிச் சுழிகள் அடைபடாமல் வரும் போலிருக்கிறது, மாம்பலகையில் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆசாரி தன் பெயரைவிட அப்பா பெயர் கொஞ்சம் பெரிதாக இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.